பேராசிரியரின் பேறு எது?

ஓய்வுபெறும் பேராசிரியர் ஒருவர்க்கு எடுக்கப்பெறும் விழாவிற் படிக்கும் பாராட்டிதழை நோக்குமின். துறைத்தலைவர், பாடத்திட்டக் குழுவினர், அயல்நாட்டுக் கருத்தரங்கு, விருது எனப் பட்டியல் நீளும். அவர் எழுதியவற்றுள் எது நிற்கும், அவர் உருவாக்கிய மாணவர் யாவர் என்னும் இரண்டும் அதில் இரா. 2010இல் பல்கலைக்கழக நல்கைக் குழு ஆசிரியர்தம் பணியுயர்வுக்குப் புள்ளிக்கணக்கு வகுத்தபின் இப்பட்டியல் மனப்பான்மைக்கு விதியின் வலுவும் கிடைத்தது. கட்டுரைக்கு இத்துணை, கருத்தரங்கிற்கு இத்துணை என எண்ணினர். பின்னர் எண்ணிக்கைக்கென்றே எழுதினர். பணம் பெற்றுக்கொண்டு எதனையும் அச்சிடும் ஆய்விதழ்கள் காளான்போல் முளைத்தன.

பழங்காஞ்சி பெற்ற பேராசிரியர் ஒருவரை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். 6ஆம் நூற்றாண்டினரான தருமபாலர் காஞ்சியில் அமைச்சர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தவர். அரச குடும்பத்தில் மணம் கூடிவந்தபோது அதனை விட்டுத் துறவு பூண்டவர் என்பது யுவான் சுவாங் தரும் செய்தி. நாளந்தாப் பல்கலைக்கழகத்தின் தலைமை அவரை அடைந்தது. அன்றைய உலகில் அதனினும் உயர்ந்த கல்வியிருக்கை அரிது. ஆயினும், அவ்விருக்கையாலா அவர் பெயர் நின்றது? அவர் மாணவர் சீலபத்திரர்; முதுமையில் அச்சீலபத்திரரிடம் பாடங்கேட்டவர் யுவான் சுவாங். தருமபாலரின் உரைக்கருத்துகள் அவர் வழியாகச் சீனமொழி சேர்ந்து இன்றும் பயிலப்படுகின்றன. அவர் தமிழில் எழுதியதாக ஒருவரியும் நமக்குக் கிட்டவில்லை. பெற்றோர் இட்ட பெயரும் தெரியவில்லை. காஞ்சியின் அறிவு பிறமொழிக்கு உரமான கதைகளுள் இதுவும் ஒன்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் சேலம் கல்லூரியிலிருந்து 1956இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்தார். சொற்பிறப்பியல் ஆய்வுக்கென அமைந்த இடம் அது. 1961இல் அவ்விடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. இருக்கையை அளவுகோலாகக் கொள்வார்க்கு அத்துடன் அவர் தோற்றவராவார். அவரோ காட்பாடியில் அமர்ந்து எழுதினார். உலகின் முதற் செம்மொழி தமிழே என நாட்டும் ஆங்கில நூல் 1966இலும், தமிழ் வரலாறு 1967இலும், திருக்குறள் தமிழ் மரபுரை 1969இலும் வெளிவந்தன. பணியிற் குறையின்றி அமர்ந்திருந்த எத்துணைப் பேராசிரியர் அவ்வாண்டுகளில் இவற்றுக்கு ஈடு காட்டினர்?

இதனைக் கொண்டு, அறிஞனுக்கு இருக்கையே வேண்டா, வறுமையே அவனை வளர்க்கும் என்று பேசுவார் உளர். கேட்பதற்கு இனிய பேச்சு. கொடிய பேச்சும் அதுவே. அவர்கள் பிள்ளையார்பாளையத்துத் தறியொன்றன்முன் சிறிதுநேரம் நின்று பார்த்தல் நன்று. கரையில்லாத துணியை ஒருவர் தனியே நெய்துவிடலாம். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகிய கோர்வைப் புடைவைக்கு மூன்று நாடா ஓடவேண்டும். நெய்பவர்க்குப் பக்கத்தில் துணையாள் ஒருவர் இருந்தாகவேண்டும். நூல் எழுதுதல் முன்னது போன்றது. சொற்பிறப்பியல் அகரமுதலியோ கோர்வை வேலை. சொல் தொகுப்பார், பிறமொழி ஒப்பு நோக்குவார், படியெடுப்பார் எனப் பலர் வேண்டும். அவர்க்கெல்லாம் திங்கள்தோறும் சம்பளம் வேண்டும். தென்மொழி இதழ்வழி அன்பர்கள் பொருள் திரட்ட முயன்றும் அது தனியார் கைக்கு அடங்கும் பணியன்று. தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை அமைத்து அவரை இயக்குநராக்கியது 1974இல். அன்று அவர்க்கு அகவை 72.

1981 சனவரியில் மதுரை ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் மாந்தன் தோற்றம்பற்றிப் பேசியபின் நோயுற்றார்; அம்மாதமே மறைந்தார். அகரமுதலியின் முதற்பகுதி வெளிவந்தது 1985இல். அவர் அதனைக் கண்ணாற் காணவில்லை. 1961 முதல் 1974 வரை கழிந்த பதின்மூன்றாண்டுக்கு எந்தப் பல்கலைக்கழகம் கணக்குக் காட்டும்? தனிமனிதரின் தோல்வியாகவோ வெற்றியாகவோ இதனை எழுதி முடித்துவிடுதல் எளிது. வல்ல கையிருக்கத் தறி கொடாதவர் பிழை அதனால் மறைந்துவிடுகிறது.

இன்று தமிழ்த்துறைகட்கு ஆளெடுக்கும் குழுவினர் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பதோடு அமைகின்றனர். வருபவர் கையிலுள்ள பெரும்பணி எது, அதனை முடிக்க எத்துணை ஆண்டும் எத்துணைத் துணைவரும் வேண்டும் என்று அவரை அமர்த்தும்போதே வினவட்டும், கேட்டதைக் கொடுக்கட்டும். ஓய்வுநாளிற் படிக்கும் பாராட்டிதழிலும் முதல்வரியாக அப்பணி எந்நிலையில் உள்ளது என்பதையே எழுதட்டும்.