பாதி விலைக்குக் கேட்காதீர்கள்!

திருவண்ணாமலையில் பவுர்ணமி இரவு. லட்சக்கணக்கான மக்கள் மலையைச் சுற்றி நடக்கிறார்கள். பாதையின் நீளம் 14 கிலோ மீட்டர்.

வழி ஓரத்தில் தரையில் ஒரு துணி விரித்திருக்கிறது. அதன் மேல் ருத்திராட்ச மாலை, ஸ்படிக மாலை, பாசி மாலை, காதுத் தொங்கல், கை வளையம். துணிக்குப் பின்னால் நரிக்குறவப் பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் கம்பி. மறு கையில் சிறு குறடு. விற்றுக்கொண்டே அடுத்த மாலையையும் கட்டுகிறார்.

ஒரு குடும்பம் வந்து நிற்கிறது.

"இது என்ன விலை?"

அவர் விலையைச் சொல்கிறார்.

"பாதிக்குக் கொடுக்கிறாயா?"

கோயில் ஊர்களில் நாள்தோறும் கேட்கும் பேச்சு இது. இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று, பாதி விலை. மற்றொன்று, "கொடுக்கிறாயா" என்ற அந்தச் சொல்.

216 வளையங்கள்!

கம்பி மாலை எப்படி உருவாகிறது?

முதலில் கம்பியை விரல் நீளத்துக்கு நறுக்க வேண்டும். ஒரு முனையைக் குறட்டால் வளைத்து, சிறு வளையம் செய்ய வேண்டும். மிச்சக் கம்பியை வளையத்தின் கழுத்தில் இறுக்கிச் சுற்ற வேண்டும். பிறகு மணியைக் கோக்க வேண்டும். மறு முனையையும் வளைத்து, முந்தைய மணியின் வளையத்தோடு மாட்டி, மறுபடியும் சுற்ற வேண்டும். நுனியை அழுத்தி மடக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கழுத்தைக் கீறும்.

இதற்கு நெருப்பு வேண்டாம், பற்றவைப்பும் வேண்டாம். கையும் குறடும் கண்ணும்தான் மூலதனம்.

ஒரு மணிக்கு 2 வளையங்கள். மாலைக்கு 108 மணிகள். ஆக, 216 வளையங்கள்! அத்தனையும் ஒரே அளவாக இருந்தால்தான் மாலை நேராகத் தொங்கும்.

நூலில் கோத்த மாலை அறுந்தால் மணிகள் எல்லாம் சிதறிவிடும். கம்பி மாலை அப்படி அல்ல. ஓர் இணைப்பு விட்டுப்போனால், அந்த ஓர் இணைப்பை மட்டும் சரி செய்தால் போதும்.

வேட்டை போனது, பாசி நின்றது

நரிக்குறவர்கள் வீட்டில் பேசும் மொழி வாக்ரிபோலி. அது குஜராத்தி மொழிக்கு உறவு. ஒரு காலத்தில் அவர்களுடைய முக்கியத் தொழில் வேட்டை. 1972-ல் வன விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு விலங்குகளைக் காக்க அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் வேட்டையை நம்பி இருந்தவர்களுக்குப் பிழைப்பு போயிற்று. பாசியும் ஊசியும் கம்பியும்தான் கைகொடுத்தன.

ஒடிசாவில் கட்டாக் என்ற நகரம் இருக்கிறது. அங்கே வெள்ளியை மெல்லிய கம்பியாக இழுத்து, வளைத்து, பற்றவைத்து நகை செய்கிறார்கள். அதற்குத் தாரகசி என்று பெயர். 2024-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் செய்பவரைக் கலைஞர் என்கிறார்கள். அது நியாயமே.

திருவண்ணாமலைத் தெருவில் இருப்பது எளிய வேலை. வெள்ளி வேலை அல்ல. ஆனாலும் இதுவும் கம்பியை வளைக்கும் கைத்திறன்தான். செய்பவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக, திறமையும் தாழ்ந்து போகுமா?

"விலையை ஏற்றிச் சொல்கிறார்களே!"

இப்படிச் சிலர் கேட்கலாம். சிலர் ஏற்றிச் சொல்வது உண்டு. காரணம் என்ன? வாங்க வருகிறவர் எப்படியும் பாதிக்குக் கேட்பார் என்று விற்பவருக்குத் தெரியும். ஆகவே கூட்டிச் சொல்கிறார். அவர் கூட்டுவார் என்று இவர் குறைக்கிறார். இந்தப் பழக்கத்துக்கு இருவரும் பொறுப்பு. ஆனால் நஷ்டம் ஒருவருக்குத்தான். மறுநாள் சாப்பாட்டுக்குக் காசு தேவைப்படுகிறவர், கேட்ட விலைக்கே கொடுத்துவிடுகிறார்.

துணியில் கிடப்பது எல்லாம் கைவேலையும் அல்ல. தொழிற்சாலையில் செய்த பிளாஸ்டிக் மாலைகளும் கலந்திருக்கும். கையால் செய்ததைக் கண்டுபிடிப்பது எளிது. மணிகளுக்கு இடையே பாருங்கள். வளையத்தின் கழுத்தில் கம்பி சுற்றி இருக்கும். சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசமே கைவேலைக்கு அடையாளம்.

சட்டம் மட்டும் போதுமா?

நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது. படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீட்டுக்கு வழி பிறந்தது.

ஆனால் குழந்தை பள்ளிக்கூடத்தில் இருந்தால்தானே அந்தச் சலுகை பயன்படும்? ஓர் ஊரில் விற்கும் பணம் போதாவிட்டால், அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போக வேண்டும். தாய் போனால் பிள்ளையும் கூடப் போகும். படிப்பு நின்றுவிடும். வாங்குபவர் மிச்சம் பிடிக்கும் சில ரூபாயில், ஒரு பிள்ளையின் பள்ளிக்கூட நாளும் அடங்கி இருக்கலாம்.

வேண்டாத பொருளை இரக்கப்பட்டு வாங்க வேண்டியது இல்லை. பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் போகலாம். வாங்கும்போது, "அம்மா, இதை நீங்களே கட்டினீர்களா? எவ்வளவு நேரம் ஆயிற்று?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு விலை பேசுங்கள்.

216 வளையங்களைக் கையால் செய்தவருக்கு, "நீங்கள்" என்ற மரியாதையும் நியாயமான கூலியும் சேர வேண்டும்.