பசுத்தோல் போர்த்திய புலி

மூக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ளும் தோல் கூடு உங்கள் வீட்டில் இருக்கிறதா? அதை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். நான் சொல்லப் போகும் சாமான் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கும். அதே கறுப்பு அல்லது பழுப்புத் தோல். ஓரத்தில் அதே நேர்த்தியான தையல். ஒரு நுனி மட்டும் மரக் கரண்டியைப் போல அகன்றிருக்கும். மேஜைமேல் கிடந்தால் குழந்தைகூட விளையாட எடுத்துவிடும். ஆனால் எடுத்ததும் கை தாழும். உள்ளே இருப்பது ஈயம்!

அமெரிக்கப் போலீஸ்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த அடிதடி ஆயுதம் இது. தலை உருண்டையாகவும், பிடிக்குள் ஸ்பிரிங் வைத்தும் இருந்தால் அதற்குப் ‘பிளாக்ஜாக்’ என்று பெயர். தட்டையாக இருந்தால் ‘ஸாப்’. நீளம் பெரும்பாலும் 8 முதல் 10 அங்குலந்தான். எடை கால் கிலோவுக்கு முன்னே பின்னே. இதற்கென்றே போலீஸ் கால்சட்டையின் பின்புறம், தொடையை ஒட்டி, ஒடுக்கமான ஒரு பை தைத்திருந்தார்கள். விரல் முட்டிகளின்மேல் ஈயத்தூளை வைத்துத் தைத்த கையுறைகளும் உண்டு.

தபால் தலை சேர்ப்பவர்களையும், பழைய நாணயம் சேர்ப்பவர்களையும் நமக்குத் தெரியும். இந்தத் தோல் தடிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? தையல் கையால் போட்டதா, மெஷினில் போட்டதா, பிடிக்குள் இருப்பது சுருள் கம்பியா, எஃகுத் தகடா, தோலில் அழுத்திய கம்பெனி முத்திரை தெளிவாக இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். மேரிலாந்து மாநிலத்து புக்கைமர் கம்பெனியின் முத்திரை இருந்தால் தனி மதிப்பு. ஆனால் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நியூயார்க் மாநிலம் 1911-ம் ஆண்டிலேயே பொதுஜனங்கள் பிளாக்ஜாக் வைத்திருப்பதைக் குற்றமாக்கிவிட்டது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பழந்தோல் வெடித்து ஈயம் வெளியே வந்திருந்தால், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டுப் பக்கம் போகக் கூடாது. ஈயம் விஷமல்லவா?

இதன் பூர்வோத்தரத்தைத் தேடிப் போனால் கப்பலில் போய் நிற்கும். கப்பலிலிருந்து கரைக்குக் கயிறு வீசும்போது, அது நேராகப் போய் விழுவதற்காக நுனியில் ஒரு கனமான குண்டைக் கட்டுவார்கள். அந்தக் குண்டையே கயிற்றோடு சுழற்றி அடிக்கக் கரையிலுள்ள ரௌடிகள் கற்றுக்கொண்டார்கள். அதற்கு ‘ஸ்லங்ஷாட்’ என்று பெயர் வந்தது. பிளாக்ஜாக்கின் பாட்டன் இவன்தான்.

இந்தப் பாட்டனை நியாயஸ்தலத்தில் அறுத்துப் பார்த்தவர் யார் தெரியுமா? ஆப்ரகாம் லிங்கன்!

அவர் ஜனாதிபதியாவதற்கு முன்பு இல்லினாய் மாநிலத்தில் வக்கீலாக இருந்த காலம். இளவயதில் அவர் பட்ட கஷ்டத்தில், ஹன்னா ஆர்ம்ஸ்டிராங் என்ற அம்மாள் அவருக்குச் சோறு போட்டாள். முள்ளில் கிழியாமலிருக்க அவருடைய கால்சட்டைக்கு மான்தோல் வைத்துத் தைத்தும் கொடுத்தாள். காலம் உருண்டது. அவள் புருஷன் இறந்தான். மகன் டஃப் கொலை வழக்கில் மாட்டிக்கொண்டான். 1857-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு, குடிவெறிச் சண்டையில் ஸ்லங்ஷாட்டால் ஒருவனை அடித்துக் கொன்றான் என்பது பிராது. தாய் லிங்கனிடம் ஓடினாள். ஒரு காசு பீஸ் வாங்காமல் அவர் வந்து நின்றார்.

நிலா வெளிச்சத்தில் கண்ணால் கண்டேன் என்றான் சாட்சி. லிங்கன் பஞ்சாங்கத்தைப் பிரித்து, அந்த நேரத்தில் நிலா அஸ்தமிக்கும் தறுவாயில் இருந்தது என்று காட்டினார். இது ஊரறிந்த கதை. ஊர் அவ்வளவாக அறியாதது இன்னொன்று. சம்பவ இடத்தில் கிடைத்த ஸ்லங்ஷாட் என்னுடையது என்று வேறொருவன் வந்து சொன்னான். முட்டை ஓட்டை அச்சாக வைத்து உலோகத்தை உருக்கி ஊற்றினேன். பழைய பூட்ஸ் தோலை வெட்டிப் போர்த்தினேன். அணில் தோல் வாரால் தைத்தேன் என்றான். லிங்கன் உடனே பேனாக்கத்தியை எடுத்துத் தையலை அறுத்து, உள்ளே இருந்ததை ஜூரர்கள் கையில் கொடுத்தார் என்று வழக்கின் விவரங்களைத் திரட்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1858-ம் ஆண்டு மே மாதம் டஃப் விடுதலையானான்.

ரௌடிகளின் ஆயுதம் போலீஸாரின் பைக்குள் போனதற்குக் காரணம் உண்டு. நம் ஊர் லத்தி நூறு கஜத்துக்கு அப்பாலேயே தெரியும். சாதாரண உடையில் போகும் துப்பறியும் அதிகாரி அதை எங்கே மறைப்பார்? தோல் தடி பையில் அடங்கும். கூட்டத்தில் கையை ஓங்காமலே மணிக்கட்டைச் சுண்டி அடிக்கலாம். இதில் தோலுக்கு என்ன வேலை? சருமம் கிழியாமல் பார்த்துக்கொள்வதுதான்! மெத்தென்ற தோல் மேலே படுவதால் காயம் வெளியே அதிகம் தெரியாது. ஆனால் ஈயத்தின் வேகம் குறைவதில்லை. அது எலும்புக்கும் மூளைக்கும் போய்ச் சேரும். ‘இது மயங்க வைக்கத்தான், கொல்வதற்கல்ல’ என்ற பேச்சு அந்தக் காலத்தில் சகஜம். மண்டை ஓட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

1946-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி நடந்ததைக் கேளுங்கள். ஐஸக் வுட்டர்ட் என்ற நீக்ரோ ஸார்ஜெண்ட், பசிபிக் யுத்த முனையில் பணியாற்றித் திரும்பியவர், அன்றுதான் பட்டாளத்திலிருந்து விடுபட்டு, சீருடையைக்கூடக் களையாமல், மனைவியைக் காணப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். வழியில் இறங்கிச் சிறுநீர் கழிக்க அனுமதி கேட்டதில் டிரைவருடன் வாக்குவாதம். தெற்குக் கரோலினாவில் பேட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் டிரைவர் போலீஸைக் கூப்பிட்டான். போலீஸ் தலைவர் லின்வுட் ஷல் பிளாக்ஜாக்கை எடுத்தார். மறுநாள் காலையில் லாக்கப்பில் கண் விழித்தபோது வுட்டர்டுக்கு உலகம் இருண்டிருந்தது. இரண்டு கண்களும் போய்விட்டன. அந்த நிலையிலேயே அவரை ஊர்க் கோர்ட்டில் நிறுத்தி, 50 டாலர் அபராதமும் போட்டார்கள்!

நவம்பரில் ஷல் மீது வழக்கு நடந்தது. அடித்ததை அவர் ஒப்புக்கொண்டார், தற்காப்புக்காக என்றார். வெள்ளைக்காரர்களே நிறைந்த ஜூரி 28 நிமிஷத்தில் ‘குற்றவாளி அல்ல’ என்றது. லிங்கன் காட்டியதுபோல் தோலை அறுத்து உள்ளே பார்க்க அங்கே யாருக்கும் மனமில்லை.

ஆனால் ஒரு பெண் பார்த்தாள். நீதிபதி வாரிங்கின் மனைவி எலிஸபெத் அன்று கோர்ட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணீரோடு எழுந்து போனவள், கறுப்பு மக்களின் நிலையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினாள். கணவரும் சேர்ந்து படித்தார். 1951-ம் ஆண்டு அதே வாரிங், பள்ளிக்கூடங்களில் நிறம் பார்த்துப் பிரிப்பது அநீதி என்று தனித் தீர்ப்பு எழுதினார். 1954-ல் சுப்ரீம் கோர்ட்டும் அந்த வழிக்கே வந்தது. ஜனாதிபதி ட்ரூமனும் வுட்டர்டின் கதையைக் கேட்டுப் பதறினார். 1948-ல் பட்டாளத்தில் நிறபேதத்தை ஒழிக்க உத்தரவு போட்டார்.

1970, 1980-களில் பல ஊர்ப் போலீஸ் இலாகாக்கள் தோல் தடியைக் கைவிட்டன. மண்டைக் காயங்களும் நஷ்டஈட்டு வழக்குகளும் அதற்குக் காரணம். வுட்டர்ட் 1992-ல் காலமானார். அவருக்குப் போட்ட தண்டனையை 2018-ல்தான் ரத்து செய்தார்கள். மறு வருஷம் பேட்ஸ்பர்கில் அவர் நினைவாக ஒரு பலகை நாட்டினார்கள். அதன் அடியில் கண்ணில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தும் இருக்கிறது.

பழம் பொருளைச் சேர்ப்பது தப்பில்லை. ஆனால் தோல் தடியைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பவர்கள், ‘எந்தக் கம்பெனி, எந்த வருஷம்’ என்று எழுதும் சீட்டில், இது என்ன செய்தது என்றும் ஒரு வரி சேர்த்து எழுதட்டும். பசுத்தோலின் அழகைப் பார்க்க வருகிறவர்கள், உள்ளே இருந்த புலியையும் தெரிந்துகொண்டு போகட்டுமே!