அரைப் பேரும் ஐ.சி.டி.யும்

திம்புள்ளயிலிருந்து ஹட்டனுக்கு வரும் காலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாவின் மடியில் ஒரு சீலைப் பை. உள்ளே கிளினிக் கொப்பி, மடிப்பிலேயே கிழிந்துபோன ஈசிஜி தாள், வெறும் மாத்திரை உறைகள் இரண்டு. கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. "மலை ஏற முடியல தம்பி. பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தாத்தான் முழுப் பேர். நான் எடுக்கிறதுக்கு அரைப் பேர்தான் போடுறாங்க. இன்னைக்கு அதுவும் இல்ல" என்றார். பேர் என்பது தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளக் கணக்கு. அன்று அவருக்குக் கிளினிக் நாள். ஹட்டனில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும்.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது அல்ல. இரத்தத்தைத் தள்ளும் வலு குறைவது. ஒரு துடிப்புக்கு இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே போக வேண்டும். அது 35 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி உயிர் போகும் ஆபத்து கூடுகிறது. அந்த நொடியில் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பை மீட்கும் கருவிதான் ஐ.சி.டி. 1980 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இதயத்தின் இரு பக்கங்களையும் ஒருசேரத் துடிக்க வைக்கும் சி.ஆர்.டி. என்ற இன்னொரு கருவியும் உண்டு.

இவை பயன் தருமா என்ற கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 2005 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஐ.சி.டி. இல்லாதவர்களில் நூற்றுக்கு 36 பேர் ஐந்து ஆண்டில் இறந்தார்கள்; பொருத்தியவர்களில் 29 பேர். நூறு பேருக்கு ஏழு உயிர். அதே ஆய்வின் செலவுக் கணக்கு அடுத்த ஆண்டு வந்தது: கூடுதலாகக் கிடைக்கும் ஓர் ஆயுள் ஆண்டுக்கு ஏறத்தாழ 38,400 டொலர். அமெரிக்காவுக்கு அது ஏற்கக்கூடிய விலை. இலங்கையின் தலா ஆண்டு வருமானமோ சுமார் 4,000 டொலர். இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால், கருவி நமக்குக் கட்டாது என்று கோப்பை மூடிவிடலாம். அப்படி மூடுவதை நான் ஏற்கவில்லை. அந்தக் கணக்கு அமெரிக்க நோயாளிக்குப் போட்டது. அதில் திம்புள்ளயின் மலை இல்லை, பஸ் இல்லை, அரைப் பேர் இல்லை.

எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் ஒரு நிபந்தனை இருக்கிறது. குறைந்தது மூன்று மாதம் உரிய மருந்துகளை உரிய அளவில் இடைவிடாமல் கொடுத்துப் பார்த்த பிறகும் இதயம் தேறாவிட்டால்தான் ஐ.சி.டி. பற்றிப் பேச வேண்டும். பலருக்கு அந்த மருந்திலேயே இதயம் தேறிவிடும், கருவியே தேவைப்படாது. 1999 இல் வெளியான, ஸ்பைரோனோலக்டோன் என்ற மாத்திரை பற்றிய ஆய்வைப் பாருங்கள். நோய் முற்றியவர்களில், மாத்திரை எடுக்காதோர் நூற்றுக்கு 46 பேர் இரண்டு ஆண்டில் இறந்தார்கள். எடுத்தோரில் 35 பேர். நோயாளிகள் வேறு வகையினர், எனவே இரண்டு ஆய்வையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது. என்றாலும் மலிவான, பழைய மாத்திரை ஒன்று நூறு பேரில் பதினொரு உயிரைக் காத்ததை யாரும் தள்ளிவிட முடியாது.

அந்த மூன்று மாதத்தைத்தான் தோட்டத்து நோயாளியால் முழுமையாகக் கடக்க முடிவதில்லை. 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. ஒவ்வொரு கிளினிக் நாளும் ஒரு நாள் சம்பளத்தை அப்படியே விழுங்குகிறது. மேலே பஸ் காசு, கூட வருபவரின் பேர். மருந்தின் அளவைக் கூட்ட இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொல்வார்கள். ஒரு தடவை தவறினால் அளவு அங்கேயே நின்றுவிடும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியபோது நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு. வெளியே பாமசியில் வாங்கச் சொன்னால் மலையகத்தில் எத்தனை வீடு வாங்கும்?

கருவிக்கான செலவைக் குறைக்கும் முதல் வேலை கீழேயிருந்து தொடங்குகிறது. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டப்பட்டு 2017 மே மாதம் இந்தியப் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. அது போன்ற வைத்தியசாலைகளில் இதயச் செயலிழப்புக்கென்றே ஒரு கிளினிக் நடக்கட்டும். மாத மருந்து தோட்ட மருந்துசாலைக்கே வரட்டும். இரத்த அழுத்தம், எடை, கால் வீக்கம் பார்த்து அளவைக் கூட்டப் பயிற்சி பெற்ற தாதி ஒருவர் போதும். கிளினிக் நாளுக்குத் தோட்ட நிர்வாகம் பேர் போட்டால் வராமல் போகிறவர்கள் குறைவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் கருவி தேவைப்படுவோர் இருப்பார்கள். அவர்களைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதயத் தசை நோயால் வலு குறைந்தவர்களில், மாரடைப்பு வராதவர்களுக்கு, ஐ.சி.டி. மொத்த மரணத்தைத் தெளிவாகக் குறைக்கவில்லை என்று 2016 இல் டென்மார்க் ஆய்வு காட்டியது. மறுபக்கம், ஈசிஜியில் துடிப்பு அலை நன்றாக அகன்று காணப்படுவோருக்கு சி.ஆர்.டி. மூச்சையும் நடையையும் திருப்பித் தருகிறது. அந்த ஈசிஜியை எந்தச் சிறிய வைத்தியசாலையிலும் எடுக்கலாம். தேவை உறுதியானவருக்கு விலை தடையாக நிற்கக் கூடாது.

விலையைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. கனடாவின் மொன்ட்ரியால் இதய நிலையம், இறந்தவர்களிடமிருந்து எடுத்துக் கிருமிநீக்கம் செய்த இதயத் துடிப்புக் கருவிகளை மெக்சிகோ, குவாத்தமாலா, ஹொண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு ஆகிய நாடுகளுக்கு அனுப்பியது. 1,051 நோயாளிகளைப் பின்தொடர்ந்த அறிக்கை 2020 இல் வந்தது: தொற்று 2 சதவீதம். புதுக் கருவி பொருத்திய கனேடியர்களில் 1.2. புள்ளிவிபரப்படி குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தகனம் செய்யும்போது பட்டரி வெடிக்கும் என்பதால் கருவியை எப்படியும் எடுத்தாக வேண்டும். 1961 இல் தொடங்கிய கண் தான சங்கத்தின் வழியே உலகத்துக்கே கண் கொடுத்த நாடு இலங்கை. அதே மனதோடு கருவித் தானத்துக்கும் சட்டமும் கண்காணிப்பும் அமைக்க சுகாதார அமைச்சு முன்வர வேண்டும்.

ஹட்டன் பஸ் நிலையத்தில் இறங்கும்போது அந்த அம்மா கொப்பியைத் திறந்து காட்டினார். எக்கோ பரிசோதனைக்குத் தந்திருந்த திகதி ஐந்து மாதம் தள்ளி இருந்தது. "அதுவரைக்கும் இந்த மாத்திரை கிடைக்குமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸை நோக்கி மெதுவாக நடந்தார். இடையில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்.