உழைக்கும் காலை அரிக்கும் புகை

“பீடி உடம்பைக் கெடுக்கும், சாராயம் குடும்பத்தைக் கெடுக்கும், கஞ்சா என்ன செய்யும்? அது மூலிகைதானே!” தாராவியிலும் பிற குடியிருப்புகளிலும் நம் இளைஞர்கள் சிலர் இப்படிப் பேசுவதைக் கேட்கிறோம். இரட்டை ஷிப்டு முடித்து வரும் அலுப்பில் சிலும்பியைக் கையில் எடுக்கிறார்கள்.

மூலிகையே ஆனாலும், கொளுத்தினால் வருவது புகைதான். இரத்தக் குழாயின் உட்புறம் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. உடம்பு கேட்கும்போது குழாயை விரித்துக் கொடுப்பது அதுதான். 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளை ஒரே ஒரு நிமிடம் கஞ்சாப் புகையில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்தும் குழாயின் விரியும் சக்தி திரும்பவில்லை. சிகரெட் புகைக்கு அது அரை மணியில் திரும்பியது. போதைச் சத்து நீக்கிய கஞ்சாவின் புகையும் அதே கேட்டைச் செய்தது.

கால் குழாய்கள் அடைபடுவதை 1960-லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். மொராக்கோவில் கஞ்சா புகைத்த இளைஞர்களிடம் கண்டது அது. பீடி பிடிப்போருக்கு வரும் பர்ஜர் நோயைப் போன்றதே. குற்றம் கஞ்சாவுடையதா, கூடச் சேர்க்கும் புகையிலையுடையதா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. வாதம் நடக்கட்டும்! நம் பிள்ளையின் சிலும்பியில் இரண்டும் சேர்ந்தே எரிகின்றன.

நடந்தால் கெண்டைக்காலில் வலி, நின்றால் தணிவு; விரல் சில்லிட்டு நிறம் மாறுதல்; ஆறாத புண். இவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. புகையை அடியோடு விட்டால்தான் நோய் நிற்கும். விடாவிட்டால் விரலையும், பிறகு காலையும் எடுக்க நேரிடும். மூட்டை தூக்குகிறவனுக்கும் சாரம் ஏறுகிறவனுக்கும் கால்தானே மூலதனம்? அது போனால் ஒப்பந்தக்காரன் மறுநாளே வேறு ஆள் பார்ப்பான். ஊருக்குப் போகும் பணம் நின்றுவிடும்.

போலீசுக்குப் பயந்து பெற்றோர் மகனின் பழக்கத்தை மறைக்கிறார்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்றொரு பிரிவு பின்னர் சேர்க்கப்பட்டது. புகைத்ததற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தானே முன்வந்து அரசு மருத்துவமனையில் முழுச் சிகிச்சை பெற்றால், அவன்மேல் வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அது. இதை நம் மக்களுக்கு எடுத்துச் சொன்னவர் யார்? விற்கிறவனை விட்டுவிட்டுக் குடிசைப் பையனைப் பிடிப்பதால் என்ன பயன்? தொழிலாளர் குடியிருப்புதோறும் சிகிச்சை நிலையம் வேண்டும். அங்கே தமிழில் பேச ஆள் வேண்டும். இது நம் கோரிக்கை.

தாய்மார்களே, தந்தையரே! பிள்ளையை அடித்து விரட்டாதீர்கள். கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். துணைக்குச் சங்கம் வரும்.