மது வழக்கில் சிக்கும் மாணாக்கர்

கலாசாலை மாணாக்கர் ஒருவர் மதுப்புட்டியுடன் பிடிபட்டார் என்று கேட்டால் நம்மவர் இரண்டில் ஒன்றைச் சொல்வர். “கெட்டுப்போன பிள்ளை, அநுபவிக்கட்டும்” என்பர் ஒரு சாரார். “அற்ப வழக்குத்தானே, குற்றத்தை ஒப்பி அபராதத்தைக் கட்டிவிட்டு வீடு திரும்பலாம்” என்பர் மற்றொரு சாரார். இவ்விரு வார்த்தையும் தவறென்பது நமது துணிபு. முன்னது ஈரமற்றது, பின்னது அபாயமானது.

நாம் மதுவுக்கு வக்காலத்துப் பேச முன்வரவில்லை. மதுக்கடை ஒன்றை அகற்றவேண்டிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள், 2015 ஜூலை 31ஆம் தேதி உயிர் நீத்தது நமது மாவட்டத்து உண்ணாமலைக்கடையில்தான். அந்தத் தியாகம் நிகழ்ந்த மண்ணில் இருந்துகொண்டு, மது வேண்டுமென்று சொல்ல யாருக்குத்தான் நா எழும்? ஆனால் மதுவை வெறுப்பது வேறு. மதுவால் இடறிய பிள்ளையைக் கைவிடுவது வேறு.

முதலில் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 1937ஆம் ஆண்டில் ராஜாஜி மந்திரிசபை இயற்றிச் சேலம் ஜில்லாவில் முதன்முதல் அமலாக்கிய மதுவிலக்குச் சட்டமே இன்றும் தமிழ்நாட்டில் வழங்குகிறது. அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடங்கியிருந்த நமது நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1ஆம் தேதி தாய்த் தமிழகத்துடன் இணைந்தது. பெயரளவில் அது மதுவிலக்குச் சட்டந்தான். ஆயினும் 2003ஆம் ஆண்டு முதல் சில்லறை மது விற்பனையைச் சர்க்கார் ஸ்தாபனமாகிய டாஸ்மாக்கே நடத்திவருகிறது. 2023-24ஆம் ஆண்டில் மதுவினால் கஜானாவுக்குச் சேர்ந்த வருமானம் ரூ.45,000 கோடிக்கு மேல். விற்பதும் சர்க்கார்; பிடிப்பதும் சர்க்கார்; அபராதம் பெறுவதும் சர்க்கார்!

21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்கலாகாதென்பது விதி. இது முதன்மையாக விற்பவன்மீது சுமத்தப்பட்ட கடமை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கையில் புட்டி இருக்குமானால், அதை விற்ற கை எது என்ற கேள்வியே முதலில் எழவேண்டும். பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கு மது கொடுப்பவனுக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. கலாசாலையின் முதல் வகுப்பில் பதினேழு வயதினர் பலர் உண்டென்பதை மறக்கலாகாது. வாங்கிய பிள்ளை கூண்டில் நிற்க, விற்றவன் வெளியே நிற்பது நியாயமாகுமா?

இனி, “அபராதத்தைக் கட்டிவிட்டு வரலாம்” என்பதன் விளைவைக் காண்போம். மாஜிஸ்திரேட்டின் முன் “ஒப்புக்கொள்கிறேன்” என்று சொல்லும் அந்த ஒரு வார்த்தையால் அபராதத்தோடு ஒரு தண்டனைத் தீர்ப்பும் பதிவாகிறது. நாளை அப்பிள்ளை போலீஸ் உத்தியோகத்துக்கோ வேறு சர்க்கார் வேலைக்கோ மனுச் செய்யும்போது, வழக்கு ஏதேனும் உண்டா என்று கேட்பார்கள். உண்டென்றால் ஒரு தடை. மறைத்தால் அதனினும் பெரிய தடை. 2016ஆம் ஆண்டு அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார், இளவயதில் நேர்ந்த அற்பக் குற்றத்தை வேலை கொடுப்போர் மன்னிக்க இடமுண்டென்று கூறினர். ஆனால் உண்மையை மறைப்பது ஆபத்தென்றும் அத்தீர்ப்பே உணர்த்துகிறது. வழக்கு முடியாமல் நிலுவையில் நின்றாலோ, 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் செல்வோர் மிகுந்த நமது மாவட்டத்தில் இதன் பொருள் என்னவென்று நாம் விளக்கவேண்டுவதில்லை.

இத்தகைய பிள்ளைக்குச் சட்டம் ஒரு துணையும் வைக்கவில்லையா? நிறைய வைத்திருக்கிறது. கைதானவர் தமக்கிஷ்டமான வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையையும், 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்படும் உரிமையையும் அரசியல் சாசனத்தின் 22ஆவது ஷரத்து அளிக்கிறது. ஏழாண்டுக்கு மேற்படாத தண்டனையுள்ள குற்றங்களில் கண்டவுடன் கைது செய்வது கூடாதென்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் கட்டளையிட்டனர். கைதின் காரணத்தைக் கைதானவருக்கும், கைதான செய்தியை அவருடைய உறவினருக்கும் தெரிவிப்பது போலீஸாரின் கடமை. போலீஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதல் கோர்ட்டில் சாட்சியமாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் அதிகாரக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு. காவலில் இருப்பவர் எவரும், அவர் வருமானம் எதுவாயினும், இலவச வக்கீல் உதவிக்கு உரியவர். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், வருமான வரம்புக்கு உட்பட்டோர் ஆகியோருக்கும் அவ்வுரிமை உண்டு. சிறைத்தண்டனைக்கு இடமுள்ள வழக்கில், கேட்கவில்லை என்ற காரணத்தால் இவ்வுதவியை மறுக்கலாகாதென்று 1986இல் சுக்தாஸ் வழக்கில் தீர்ப்பாயிற்று.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கவே கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்பே நிறுத்தவேண்டும். பதினெட்டைக் கடந்து இருபத்தொன்று நிரம்பாதவருக்கு 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்தில் அவ்வயதினரைச் சிறைக்கு அனுப்புவதாயின் கோர்ட்டார் காரணம் எழுதவேண்டுமென்கிறது அதன் 6ஆவது பிரிவு. எச்சரித்தோ நன்னடத்தை உறுதி பெற்றோ விடப்பட்டவரைத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு தொடராதென்கிறது 12ஆவது பிரிவு. ஆனால் இதை மாஜிஸ்திரேட்டிடம் எடுத்துக்காட்ட ஒரு வக்கீல் வேண்டும். வக்கீலின்றி ஒப்பி, அபராதம் கட்டித் திரும்பும் பிள்ளை இக்கதவைத் தன் கையாலேயே அடைத்துக்கொள்கிறான்.

பணக்காரர் மகன் பிடிபட்டால் அந்தி சாய்வதற்குள் வக்கீல் வந்துவிடுவார். குளச்சலில் வலை இழுப்பவர் மகனுக்கும், குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுபவர் மகனுக்கும் யார் வருவார்? 2011ஆம் ஆண்டு ஜனக்கணிதப்படி நூற்றுக்கு 91க்கு மேல் எழுத்தறிவு பெற்று, தமிழ்நாட்டில் முதலிடம் கொண்ட மாவட்டம் நம்முடையது. எழுத்தறிந்த ஜனங்கள் தம் உரிமையை அறியாதிருப்பது நமக்குப் பெருமையன்று.

“பிள்ளைகளைத் தப்பவைத்தால் குடி பெருகாதோ?” என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வக்கீல் வைப்பது குற்றத்தை மறைப்பதற்கன்று. குற்றத்திற்கு மிஞ்சிய தண்டனை வாராதிருப்பதற்கே. குடித்து வண்டி ஓட்டிப் பிறர் உயிருக்கு இடர் செய்பவனுக்கு நாம் சலுகை கேட்கவில்லை. முதன்முறை இடறியவனைத் திருத்தி வகுப்புக்கு அனுப்பினால் ஒரு பிரஜை மிஞ்சுவான். வேலையும் வழியும் அடைபட்டவன் மீண்டும் அதே மதுக்கடையைத்தான் நாடுவான்.

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை வக்கீல் சங்கத்தார், மாணாக்கர் வழக்குகளுக்கென முறைவைத்து இளம் வக்கீல்களை நியமிக்கவேண்டும். நாகர்கோவிலிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவார், 15100 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு கலாசாலையிலும் விடுதியிலும் எழுதிவைக்கச் செய்யவேண்டும். கலாசாலை அதிபர்கள், கோர்ட்டு தீர்ப்புச் சொல்லுமுன் மாணாக்கரை நீக்கலாகாது. களியக்காவிளையைத் தாண்டினால் சட்டம் மாறும் என்பதையும் மாணாக்கருக்குப் போதிக்கவேண்டும். கேரளத்தில் 2017 முதல் வயதெல்லை 23 ஆகும்.

மதுக்கடைகள் ஒழியும் நாளுக்காக நாம் தொடர்ந்து உழைப்போம். அந்நாள் வரும்வரை, கடையைத் திறந்துவைத்த சர்க்காரின் பிழைக்குப் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தை விலையாகக் கொடுக்க நாம் இசையலாகாது. பெற்றோர்க்கும் மாணாக்கர்க்கும் நாம் சொல்லும் வார்த்தை ஒன்றே: வக்கீலைக் காணாமல் குற்றத்தை ஒப்பாதீர்கள்.