கோப்பைக்குக் காரணம், குழந்தைக்குக் கருமமா?

சூளையிலிருந்து எடுத்த கோப்பையின் மெருகில் மயிரிழை மயிரிழையாய் வெடிப்பு. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளத் தோழர் என்ன செய்கிறார்? “முற்பிறப்பில் கோப்பை செய்த பாவம்” என்று கன்னத்தில் போட்டுக் கொள்கிறாரா? களிமண்ணைப் பார்க்கிறார், குறையில்லை. மெருகைப் பார்க்கிறார், அதிலும் குறையில்லை. இரண்டையும் சேர்த்துச் சுட்டு ஆறவிட்டால், மண்ணைவிட மெருகு மிகுதியாகச் சுருங்குகிறது, அதுதான் வெடிப்பு! தனித்தனியே பார்த்தால் சிக்காத குற்றம், சேர்த்துப் பார்த்தால் சிக்குகிறது.

கோப்பைக்கு இத்துணைப் பகுத்தறிவு, குழந்தைக்கு?

ஐந்து வயதுச் சிறுவன் ஓடினால் விழுகிறான்; தொடைமேல் கையூன்றி எழுகிறான். கெண்டைக்கால் பருக்கிறது, வலிமையோ கரைகிறது. டுஷேன் தசைச்சிதைவு அது. ஊர் சொல்வதோ “முன்வினை”! பழி தாயின் தலையில். இறப்போர்க்கெல்லாம் வீடுபேறு என்று தலபுராணம் பேசும் விருத்தகாசியிலே, வாழத் துடிக்கும் பாலகனுக்குப் பரிகாரச் சீட்டுத்தானா?

வினையன்று, தோழர்களே! டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உருவாகாமையே காரணம் என்பது 1987லேயே தெரிந்துவிட்டது. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பழுது தாய்வழி வரலாம். ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் புதிதாகவே தோன்றுகிறது. இதிலே தாய் செய்த குற்றம் எது?

தசை தேய்ந்தால் பழுது தசையிலேதான் என்பதுமில்லை. தண்டுவடத் தசைநலிவில் முதலில் மடிவது நரம்பணு. ஆணை வாராமல் தசை ஒடுங்குகிறது. மையஸ்தீனியாவிலோ, நரம்பும் தசையும் கைகோக்கும் இடத்தையே உடலின் எதிர்ப்பொருள் தாக்குகிறது. ஆகவேதான் மண்ணையும் மெருகையும் போல, அறிஞர்கள் இரண்டையும் சேர்த்தே வளர்க்கிறார்கள்.

1907இல் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்பிழை உடலுக்கு வெளியே, ஒரு துளி நீர்மத்தில் நீள்வதைக் காட்டினார். 2007இல் யமனாக்கா மனிதத் தோலணுவைக் குருத்தணுவாக்கினார். இன்று நோயாளியின் தோலிலிருந்தே நரம்பணுவும் தசையணுவும் ஒரே கிண்ணத்தில் வளர்கின்றன. நரம்பு தசையைத் தொடுகிறது, தசை துடிக்கிறது! நோயுற்ற நரம்போடு நலமான தசை. பிறகு மாற்றி, நலமான நரம்போடு நோயுற்ற தசை. எந்தச் சேர்க்கையில் துடிப்புத் தளர்கிறதோ, அங்கே துப்புக் கிடைக்கிறது. மருந்தையும் அதிலேயே முதலில் சோதிக்கலாம்.

கிண்ணம் முழு உடலாகாது. டுஷேனை முற்றிலும் நீக்கும் மருந்தும் இன்னும் இல்லை. அதை மறைத்துக் ‘குருத்தணு ஊசி’ விற்போர் வெள்ளையங்கி பூண்ட பூசாரிகளே! ஸ்டீராய்டு மருந்து நோயின் வேகத்தைத் தணிக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச்சிதைவையும் ஏற்றிருக்கிறது. உன் தெருவில் அப்படி விழுந்தெழும் சிறுவன் இருந்தால், பரிகாரத்துக்குத் தேதி குறிக்குமுன், குருதியில் கிரியாட்டின் கைனேஸ் அளவைப் பார்க்கச் சொல், தோழனே!