‘மூலிகைதானே டாக்டர், என்ன பண்ணிடப் போகுது?’

1/ நாற்பது வயசுக்காரர். ரெண்டு மாசமா வயிறு முறுக்கி வலி, மலச்சிக்கல். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் நார்மல். ஹீமோகுளோபின் மட்டும் 8. இரும்புச்சத்து மாத்திரைக்கு அசையல. "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"ன்னு மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் "இல்ல சார்".

2/ கடைசியில் அவர் மனைவிதான் சொன்னாங்க: சுகருக்கு ஒரு பொடி. பொட்டலத்துல வரும், பேர் கிடையாது. ரத்தத்தில் ஈயம் பார்த்தோம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே காரணத்தைத் தேடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இவருக்கு 80.

3/ ஈயம் ரத்த உற்பத்தியைக் கெடுக்கும், எலும்புல வருஷக்கணக்கா தங்கும், கர்ப்பிணிகிட்ட இருந்து சிசுவுக்கும் போகும். பாதரசம் கிட்னியைத் தாக்கும்: நுரை நுரையா சிறுநீர், கால் வீக்கம். ஆர்சனிக்: கை கால் எரிச்சல், உள்ளங்கை தடிப்பு.

4/ அபூர்வம்னு நினைக்காதீங்க. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதிச்ச ஆய்வு 2008-ல் ஜாமா இதழில் வந்தது. ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக்கில் ஏதாவது ஒன்று இருந்தது. இந்தியத் தயாரிப்பு, அமெரிக்கத் தயாரிப்பு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே கதை.

5/ "சுத்தி பண்ணி, புடம் போட்டா விஷம் போயிடும்"னு சொல்வாங்க. நெருப்புல சேர்மம் மாறலாம், தனிமம் மறையாது. ஈயம் ஈயம்தான்.

6/ சித்த மருத்துவம் இதை மறைக்கல. ரசம், லிங்கம், தாளகம்னு பேர் சொல்லித்தான் சேர்க்குறாங்க. இப்படிப்பட்ட நச்சுச் சரக்கு உள்ள மருந்தின் லேபிளில் ‘மருத்துவ மேற்பார்வையில் மட்டும்’னு போடணும்னு சட்டமும் இருக்கு. லேபிளே இல்லாத பொட்டலத்தில் எதைப் படிப்பீங்க?

7/ தப்பு எங்க பக்கமும் இருக்கு. "நாட்டு மருந்தா?"ன்னு நாங்க எரிஞ்சு விழுறோம், நீங்க மறைக்கிறீங்க. அவர் பயந்தது நோய்க்கு இல்ல, என் திட்டுக்கு. அதில் போனது ரெண்டு மாசம்.

8/ அதனால: பேர், சரக்கு, உரிம எண், தேதி இல்லாததை வாய்ல வைக்காதீங்க. குழந்தை, கர்ப்பிணி, கிட்னி நோயாளிக்குக் கட்டாயம் வேண்டாம். ஏற்கெனவே சாப்பிடுறீங்கன்னா நிறுத்திட்டு, பொட்டலத்தோட டாக்டர்கிட்ட போங்க. தூக்கிப் போட்டுடாதீங்க, சோதிக்க அது வேணும்.

திட்டினா திட்டட்டும். சொல்லிடுங்க.